காலமானவரின் ஈசல் கட்டுரை

கண்ணுசாமி: …அந்த நாற்காலிக்கு ஒரு கால் சற்றுக் குட்டை, சுவரோரம் சாய்த்துப் போட்டு அமருங்கள். ஆம், அப்படித்தான். படிக்கட்டுமா? ‘உடையப்பன் என்னும் பெயர் நம் திண்டுக்கல் மலைக்கோட்டை விஞ்ஞானக் கழகத்தார்க்குப் புதியதன்று. கூட்டுறவுத் துறையில் ஆய்வாளராகப் பணிபுரிந்த அவர், விடியற்காலை நான்கு மணிக்கே துயிலெழும் வழக்கமுடையவர்…’

வந்தவர்: நாலு மணிக்கா? யாருங்க சொன்னது?

கண்ணுசாமி: பிழையோ?

வந்தவர்: அஞ்சரைக்கு முன்னால அவன் எந்திரிச்சு நான் பாத்ததே இல்லை. கோழி கூவுனா, கோழியை வையிற ஆளு.

கண்ணுசாமி: அண்மையில் வழக்கம் மாறியிருக்கக் கூடுமே?

வந்தவர்: மாறியிருந்தாலும் அது ஊருக்கு எப்படித் தெரியும்? சரி… இருந்துட்டுப் போகட்டும். மேல படிங்க.

கண்ணுசாமி: இல்லை, பிழையிருப்பின் சொல்லிவிடுங்கள். இரங்கற் குறிப்பைக் குடும்பத்தார் ஒருவர் கேட்டு, சரியென்று சொன்ன பின்புதான் கழக இதழில் அச்சிடுவோம். அதற்காகவே கழக ஏவலாள் பொம்மையனிடம் மாலையைக் கொடுத்தனுப்பியபோது, வீட்டிலிருந்து ஒருவர் வரவேண்டுமென்று சொல்லி அனுப்பினேன். ‘மழை வரும்போலத் தோன்றினால் குடையும் கையுமாக அலுவலகத்தை விட்டுப் புறப்படுவார், மழை வந்தபின் குடையை விரிக்க மறந்துவிடுவார்…’

வந்தவர்: மறக்குறது இல்லீங்க.

கண்ணுசாமி: பின்னே?

வந்தவர்: குடையை விரிச்சா, தூத்தல் எப்ப விட்டுச்சுன்னு ஒடம்புக்குத் தெரியாது. அதுக்குத்தான் விரிக்க மாட்டேன்… மாட்டேம்பான்.

கண்ணுசாமி: இது எனக்குப் புதிய செய்தி. திருத்திவிடவா?

வந்தவர்: வேணாம், அப்படியே விடுங்க. செத்தவனைப் பத்திப் படிக்கிறவுங்க சிரிக்க ஒண்ணாவது வேணுமில்ல.

கண்ணுசாமி: ‘நிலக்கோட்டையில் அவர் பணியிலிருந்தபோது ஒரு மழைநாள் மாலை இக்குறிப்பை எழுதுவோன் அவருடைய அலுவலக வாயிலில் உடனமர்ந்து பொரி உண்டதுண்டு.’

வந்தவர்: பொரியில வறுத்த ஈசல் கலந்திருந்துச்சே, அதையும் எழுதியிருக்கீங்களா?

கண்ணுசாமி: அதைத் தம்பி தங்களிடம் சொல்லியிருக்கிறாரா?

வந்தவர்: சொல்லியிருக்கான். சொல்லாம இருப்பானா? காலேஜுல வெலங்கியல் சொல்லிக்குடுக்கிற வாத்தியாரு, ஈசல்னு தெரியாம ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னாருன்னு அம்புட்டு சிரிப்பு சிரிப்பான்.

கண்ணுசாமி: தெரிந்தேதான் கேட்டேன். உப்புப் பதம் நன்றாயிருந்தது. அடுத்த வரி. ‘அவர் எளிதிற் சினங்கொள்வார்.’

வந்தவர்: இதை எதுக்குங்க போட்டீங்க?

கண்ணுசாமி: உண்மையாயிற்றே.

வந்தவர்: செத்தவுங்களைப் பத்தி இப்படியா எழுதுவாங்க? வேற எடத்துலன்னா, குடிச்சுக் கெட்டவனைக்கூடத் தங்கமான மனுசன்னுதான் எழுதுவாங்க.

கண்ணுசாமி: நம்முடையது விஞ்ஞான இதழ் ஐயா. காலமானவரைப்பற்றியும் உற்றது உற்றபடியே எழுத வேண்டும். வேண்டுமானால், ‘அச்சினம் விரைவில் தணியும்’ என்று சேர்க்கிறேன்.

வந்தவர்: தணியும்னு யார் சொன்னது?

கண்ணுசாமி: தணியவில்லையா?

வந்தவர்: …ஏழு வருசம் ஆச்சு. பாத்துக்கங்க.

கண்ணுசாமி: அப்படியாயின் அந்த வரி இருந்தபடியே இருக்கட்டும். தாங்கள் அவருக்கு அண்ணன் என்று பொம்மையன் சொன்னான்.

வந்தவர்: ஆமாங்க. மூத்தவன். பொன்னழகுன்னு பேரு.

கண்ணுசாமி: முகச்சாடை அப்படியே இருக்கிறது. குரலுங்கூட.

வந்தவர்: ஒரு வயித்துப் பிள்ளைங்கதானே. ஆனா அவனுக்கு மீசை உண்டு. நல்ல கெடா மீசை.

கண்ணுசாமி: நினைவிருக்கிறது. தாங்கள் தலையும் மழித்து, மீசையும் மழித்து… தம்பிக்காகவா? மூத்தவர் இளையவர்க்காக முடி இறக்கும் வழக்கம் இப்பக்கத்தில் இல்லையே.

வந்தவர்: ஐயய்யோ, இல்லீங்க. இது பழனி. போன வாரம் போய் எறக்கிட்டு வந்தேன். நேந்துக்கிட்டது.

கண்ணுசாமி: நல்லது. மாலை வாடாமல் வந்து சேர்ந்ததா?

வந்தவர்: வந்துச்சு, வந்துச்சு. அந்தக் கூத்தை ஏன் கேக்குறீங்க. கதவைத் தட்டுனதும் நாந்தான் போய்த் தொறந்தேன். பொம்மையன் சம்பங்கி மாலையும் கையுமா நிக்கிறாரு. ‘சாவு வீடு இதானே?’ன்னாரு. எனக்கு ஒண்ணும் ஓடலை. ‘யாரு செத்தது?’ன்னேன். ‘உடையப்பன்’னாரு.

கண்ணுசாமி: தாங்கள் என்ன சொன்னீர்கள்?

வந்தவர்: என்னத்தைச் சொல்றது. திண்டுக்கல்லுல இருந்து வத்தலக்குண்டுக்குப் பஸ் ஏறி, ஒரு மனுசன் மாலையைத் தூக்கிட்டு வந்திருக்காரு. இல்லைன்னா சொல்ல முடியும்? ‘ஆமா, நான் அண்ணன்’னு வாங்கிக்கிட்டேன். காப்பி குடுத்தேன். குடிச்சிட்டு, ‘வருத்தப்படாதீங்க, எல்லாருக்கும் உள்ளதுதானே’ன்னு ஆறுதல் வேற சொல்லிட்டுப் போனாரு.

கண்ணுசாமி: அவருடைய மனைவியார் மிகவும் வருந்தியிருப்பார்.

வந்தவர்: மூக்காயியா? கரண்டியோட வெளியே வந்தா. மாலையைப் பாத்தா. மொகத்தைப் பாத்தா. ‘கொழம்பு கொதிக்குது, சாப்பிட்டுட்டு அப்புறம் சாகச் சொல்லுங்க’ன்னு உள்ள போயிட்டா.

கண்ணுசாமி: துக்கத்தில் சிலர் அவ்வாறு பேசுவதுண்டு.

வந்தவர்: …ஆமாங்க. துக்கந்தான்.

கண்ணுசாமி: மாலை?

வந்தவர்: சாமிக்கும் போட முடியாது, ஆளுக்கும் போட முடியாது. மாடு தின்னுருச்சு. ஐயா, ஒண்ணு கேக்கணும். தம்பி செத்தான்னு ஒங்களுக்கு யாரு வந்து சொன்னது?

கண்ணுசாமி: எவரும் வந்து சொல்லவில்லை. விதி சொல்லிற்று.

வந்தவர்: தலைவிதியா?

கண்ணுசாமி: கழக விதி, பதினொன்று. ஆயுள் உறுப்பினர் ஒருமுறை பணம் செலுத்திவிட்டால், அவர் உயிருள்ளவரை நாம் இதழ் அனுப்ப வேண்டும். ஆனால் எந்த உறுப்பினரும் தம் மரணத்தைத் தாமே எழுதித் தெரிவிப்பதில்லை. வீட்டாரும் தெரிவிப்பதில்லை. அச்சிடுவதில் பாதியை மேலுலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். ஆகவே நம் சின்னக்கண்ணு வக்கீல் ஒரு விதி எழுதித் தந்தார். ஏழாண்டுக் காலம் யாதொரு தகவலும் தராத ஆயுள் உறுப்பினர் காலமானவராகக் கருதப்படுவார். காணாமற்போனவர்களுக்குச் சட்டத்தில் அப்படித்தானாம்.

வந்தவர்: அப்ப வக்கீல்தான் கொன்னது.

கண்ணுசாமி: நிருவாகக் குழு ஏகமனதாக முடிவு செய்தது.

வந்தவர்: ஏகமனதாவா! ஒருத்தர்கூட, ‘அவன் நல்லாத்தான்யா இருப்பான்’னு சொல்லலையா?

கண்ணுசாமி: ஒருவர் வாக்களிக்கவில்லை.

வந்தவர்: யாரு அது?

கண்ணுசாமி: செயலாளராகிய நான். செயலாளருக்கு வாக்கு இல்லை. முடிவான பின்பு எல்லாரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினோம்.

வந்தவர்: எல்லாருமா? அந்த முட்டிவலிக்காரரு, தலைவரு… அவருமா எந்திரிச்சாரு?

கண்ணுசாமி: இருவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ‘நல்ல உழைப்பாளி, வீணாய்ப் போய்விட்டார்’ என்று சொல்லிக்கொண்டே அமர்ந்தார்.

வந்தவர்: …அடடா. அந்த மனுசன் தேசிய கீதத்துக்கே முக்கிக்கிட்டுத்தானே எந்திரிப்பாரு.

கண்ணுசாமி: தம்பி தங்களிடம் கழகத்தைப்பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார் போலும்.

வந்தவர்: சொல்லுவான்… எப்பவாச்சும். சரிங்க, குறிப்பு நல்லா இருக்கு. போட்டுக்கங்க. நான் வாரேன்.

கண்ணுசாமி: சற்றுப் பொறுங்கள். இன்னும் ஒன்று இருக்கிறது. இதே இதழில் அவருடைய கட்டுரையும் வெளிவருகிறது.

வந்தவர்: எந்தக் கட்டுரை?

கண்ணுசாமி: அவர் கழகத்துக்கு அனுப்பியது ஒன்றுதான். ‘நிலக்கோட்டை வட்டாரத்தில் ஈசல் புறப்படும் காலம்.’

வந்தவர்: அதைத்தான் வேணாம்னு ஒதுக்கிப் போட்டீங்களே!

கண்ணுசாமி: அப்பொழுது உயிரோடிருந்தார். உயிருள்ளவர் கட்டுரையைத் துறை தெரிந்த ஓர் உறுப்பினருக்கு அனுப்பி, மதிப்பிடச் செய்துதான் வெளியிடுவோம். காலமானவர் விட்டுச் சென்ற கட்டுரைக்கு மதிப்பீடு கிடையாது. எழுதியவாறே அச்சிடுவோம். அவர்க்கு நாம் செய்யும் இறுதி மரியாதை அது.

வந்தவர்: ஏங்க, அதுல தப்பு இருந்தா?

கண்ணுசாமி: தப்பும் அவருடையதே. ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டோம்.

வந்தவர்: அது நல்லா இருக்கே… உசுரோட இருக்கும்போது ஒரு வரி போட மாட்டீங்க, செத்தா முழுசா போடுவீங்க.

கண்ணுசாமி: ஆங்கிலச் சுருக்கத்தோடு.

வந்தவர்: இங்கிலீசுல வேறயா!

கண்ணுசாமி: பம்பாய், கல்கத்தா, இலங்கை ஆகிய இடங்களிலுள்ள கழகங்களுக்கு நம் இதழை அனுப்புகிறோம், அவர்கள் தம் இதழை நமக்கு அனுப்புகிறார்கள். அங்குள்ளவர்களும் படிக்க வேண்டாமா? தங்கள் தம்பியின் பெயர் கடல் கடந்து போகும். தங்களுக்கு மகிழ்ச்சிதானே?

வந்தவர்: மகிழ்ச்சி… இருக்கு. செத்த தண்ணி குடுங்க.

கண்ணுசாமி: அந்தக் கூசாவில் இருக்கிறது. ஏன், முகம் வாடிவிட்டதே?

வந்தவர்: ஐயா, அந்தக் கட்டுரை வேணாங்க.

கண்ணுசாமி: காரணம்?

வந்தவர்: அது தப்பு.

கண்ணுசாமி: தாங்கள் படித்திருக்கிறீர்களா?

வந்தவர்: அவன் சொல்லியிருக்கான். மழை பேஞ்ச மறுநா, சாயங்காலம் சரியா ஏழு மணிக்கு ஈசல் பொறப்படும்னு அதுல எழுதியிருக்கு. அது தப்பு.

கண்ணுசாமி: ஆனால் அவர் மூன்று மழைக்காலம் பார்த்து எழுதியதாயிற்றே. ஏழு மணி, ஏழு மணி, ஏழு மணி. அட்டவணை அழகாக இருக்கிறது.

வந்தவர்: அழகா இருக்கும். ஏன் இருக்காது? ஆபீசு வாட்சுமேன் ஏழு மணிக்குத்தான் வாசல்ல பெட்ரோமாக்ஸைக் கொளுத்துவாரு. ஈசல் அப்பத்தான் கண்ணுக்குத் தெரியும். வெளக்குக்கு வந்த நேரத்தை, புத்தை விட்டுக் கெளம்புன நேரம்னு எழுதித் தொலைச்சிட்டேன்… தொலைச்சிட்டான், கூறுகெட்டவன்.

கண்ணுசாமி: இதையேதான் மதிப்பிட்டவரும் எழுதியிருந்தார். ‘ஏழு மணிக்கு வந்தது ஈசலா, விளக்கா?’ என்று ஒரே வரி.

வந்தவர்: அந்த ஒரு வரிக்குத்தானே கோவிச்சுக்கிட்டுப் போனது. இந்த ரூமுல, இதே எடத்துல நின்னு, ‘உசுரோட இருக்கிற மட்டும் இந்தக் கழகத்து வாசப்படி ஏற மாட்டேன்’னு சொன்ன ஆளு.

கண்ணுசாமி: அப்பொழுது தாங்கள் உடனிருக்கவில்லையே?

வந்தவர்: …ஊரே கேட்டுச்சாமே.

கண்ணுசாமி: ஊர் கேட்டது உண்மை. கீழே பூக்கடையில் தராசு நின்றுவிட்டது என்று சொன்னார்கள்.

வந்தவர்: அந்தக் கேள்வியைக் கேட்ட ஆளு யாருங்க?

கண்ணுசாமி: அது சொல்லத் தகாதது. மதிப்பிடுவோர் பெயரை ஆசிரியர்க்கு வெளியிடுவதில்லை.

வந்தவர்: ஆசிரியர்தான் செத்துட்டாரே.

கண்ணுசாமி: காலமானவர்க்கும் வெளியிடுவதில்லை.

ஜெகபர் அலி: ஐயா, சலாம். உள்ள வரலாமா? ஒரே ஒரு நிமிசம்.

கண்ணுசாமி: வாருங்கள். இவர் ஜெகபர் அலி; நம் இதழை அச்சிடுபவர். இவர் காலமான உடையப்பன் அவர்களுடைய அண்ணன்.

ஜெகபர் அலி: அப்படிங்களா… ரொம்ப வருத்தங்க. நல்லவுகளைத்தான் அல்லா சீக்கிரம் கூப்பிட்டுக்கிறான். நம்மளை மாதிரி ஆளுக கெடந்து இழுத்துக்கிட்டுக் கெடக்குறோம்.

வந்தவர்: ஆமாங்க பாய்.

ஜெகபர் அலி: ஐயா, இன்னைக்காச்சும் மிஷின்ல ஏத்தலாமா, இல்லையா? தம்பி ஈசலைப் பத்தி எழுதினாரு, நல்லது. ஆனா என் அச்சுக்கூடத்துல இருக்குற ‘ஈ’ங்கிற ஈய எழுத்து அம்புட்டையும் அந்த ஈசல் தின்னுருச்சு. வரிக்கு மூணு ஈசல், நாலு ஈசல். நாளைக்கு ஈதுப் பெருநாள் வாழ்த்து அடிக்கணும். எங்க பள்ளிவாசல்காரங்க வந்து ஒக்காந்துருக்காக. ‘ஈ’ இல்லாம ஈதுக்கு நான் எங்க போறது?

வந்தவர்: கட்டுரையைக் கலைச்சுட்டு எடுத்துக்கங்க பாய்! இப்பவே கலைங்க!

ஜெகபர் அலி: அடிக்காமலா கலைப்பாக? நல்லா இருக்கே. நானே ஒக்காந்து எழுத்துக் கோத்ததுங்க. ஒரு மாசமா கட்டு அவுக்காம நிக்குது. ‘அடிக்கட்டுமா?’ன்னா, ‘பொறுங்கள், பொறுங்கள்’ன்னு ஐயா நிறுத்தி வெச்சுருக்காரு. யாருக்குப் பொறுக்கணும்னு கேட்டா, அதுக்கும் ‘பொறுங்கள்’தான்.

வந்தவர்: ஒரு மாசமாவா? மாலை போன வெள்ளிக்கெழமைதானே வந்துச்சு?

கண்ணுசாமி: அலுவல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தானே நடக்கும். ஜெகபர் அலி, இவர் கட்டுரையில் பிழை இருக்கிறதென்கிறார். விளக்கின் நேரத்தை ஈசலின் நேரமாக எழுதிவிட்டாராம்.

ஜெகபர் அலி: வெளக்கா? அதுல எங்க வெளக்கு வந்துச்சு? எழுத்து எழுத்தாப் பொறுக்கிக் கோத்தவன் நான். மழை வருது, மணி வருது, ஈசல் வருது. வெளக்குன்னு ஒரு வார்த்தை இல்லையே.

கண்ணுசாமி: …இருக்கட்டும், இருக்கட்டும். நாம் பேச வேண்டியது வேறு.

வந்தவர்: ஐயா, நான் சொல்றதைக் கேளுங்க. அந்த வெளக்குப் பேச்சுக்குப் பெறகு அவன் சும்மா இருக்கலை. கோவத்துல வத்தலக்குண்டுக்கு மாத்தல் வாங்கிட்டுப் போனான். ‘அந்த ஆளு சொன்னது தப்புன்னு காட்டுறேன்’னுதான் ஆரம்பிச்சான். வெளக்கே இல்லாம, புத்து வாயில போயி ஒக்காந்தான். இருட்டுக்குள்ள.

கண்ணுசாமி: என்ன கண்டார்?

வந்தவர்: ஏழு மணியும் கெடையாது, எட்டு மணியும் கெடையாது. பொழுது எறங்கி, கையில இருக்குற ரேகை மங்குற நேரம் இருக்கு பாருங்க, அதுதான் அதுகளுக்குக் கணக்கு. மூட்டம் போட்ட அன்னைக்கு முன்னாடியே வந்துரும். வானம் வெளுத்திருந்தா தாமசம். கடியாரம் பாக்குறது நாமதான். அது ஒரு சாதி. இன்னொண்ணு இருக்கு… சிறுசா, றெக்கை கறுத்தாப்புல. அது விடிகாலையில வருது. கோழி கூவுறதுக்கு முன்னால. அதை அவன் பாத்ததே இல்லை, தூங்கிக்கிட்டு இருந்தான்ல. அதுக்கு அப்புறந்தான் மழைக்காலம் வந்தா நாலு மணிக்கு எந்திரிக்க ஆரம்பிச்சது.

கண்ணுசாமி: அப்படியானால் ‘நான்கு மணி’ என்று நான் எழுதியது சரிதான்.

வந்தவர்: சரிதான்… ஆனா…

ஜெகபர் அலி: பாவம், அந்த மனுசன். அம்புட்டையும் பாத்துட்டு எழுதாம மௌத்தாயிட்டாரே.

வந்தவர்: எழுதித் தரணும்னா இங்க வரணும்ல பாய். வர மாட்டேன்னு சொல்லிட்டானே.

கண்ணுசாமி: தாங்கள் சொல்வது மிக முக்கியமான செய்தி. ஆயினும் நான் ஒன்றும் செய்வதற்கில்லை.

வந்தவர்: ஏன் செய்ய முடியாது? அண்ணன் நான் சொல்றேன். கட்டுரையைத் திருப்பிக் குடுங்க.

கண்ணுசாமி: அண்ணனுக்கு அந்த உரிமை இல்லை. மனைவிக்கும் இல்லை, மகனுக்கும் இல்லை. அச்சேறும் முன்பு கட்டுரையைத் திரும்பப் பெறும் உரிமை எழுதியவர் ஒருவர்க்கே உண்டு.

வந்தவர்: எழுதியவன்தான் இல்லைன்னு மாலை போட்டுட்டீங்களே!

கண்ணுசாமி: அதனால்தான் கட்டுரை வெளிவருகிறது.

வந்தவர்: அடியில ஒரு குறிப்பாச்சும் போடுங்க. ‘இது தப்பு, நம்பாதீங்க’ன்னு.

கண்ணுசாமி: இறுதி மரியாதையின் அடியிலா?

ஜெகபர் அலி: அது நல்லா இருக்காதுங்க. மையத்து விழுந்த வீட்டுல போயி கடன் கேட்ட மாதிரி இருக்கும்.

வந்தவர்: பாய், செத்த சும்மா இருங்க! ஐயா, யோசிச்சுப் பாருங்க. எவனோ ஒரு பய, பம்பாயிலயோ கொழும்புலயோ, இதைப் படிச்சுட்டு, மழை பேஞ்ச மறுநா ஏழு மணிக்குப் புத்துக்கிட்டப் போயி நிப்பான். ஒரு ஈசல் வராது. எல்லாம் எப்பவோ பறந்து போயிருக்கும். ‘உடையப்பன்னு ஒருத்தன் எழுதியிருக்கான், வெளங்காதவன்’ம்பான். அவனுக்குப் போயி நான் என்ன பதில் சொல்லுவேன்?

கண்ணுசாமி: தாங்கள் ஏன் பதில் சொல்ல வேண்டும்? எழுதியவர் தம்பியல்லவா?

ஜெகபர் அலி: ஐயா, வெயில் எறங்குது. மை தடவட்டுமா, வேணாமா?

கண்ணுசாமி: தடவுங்கள். மறுப்பதற்கு உரியவர் இல்லாதபோது வேறென்ன செய்வது? ஏற்றுங்கள்.

வந்தவர்: பாய், நில்லுங்க.

ஜெகபர் அலி: என்னங்க?

வந்தவர்: நில்லுங்கன்னா நில்லுங்க. ஏத்த வேணாம். நான் திருப்பி வாங்கிக்கிறேன்.

கண்ணுசாமி: எந்த உரிமையில்?

வந்தவர்: எழுதுன உரிமையில. நாந்தான் உடையப்பன். எனக்கு அண்ணனும் இல்லை, ஆட்டுக்குட்டியும் இல்லை.

ஜெகபர் அலி: யா அல்லா! அப்ப… அப்ப நான் இம்புட்டு நேரம் யாருக்கு வருத்தம் சொன்னேன்?

உடையப்பன்: எனக்குத்தான். பரவாயில்லை பாய், நல்லாத்தான் சொன்னீங்க.

கண்ணுசாமி: ஜெகபர் அலி, கட்டுரையைக் கலைத்துவிடுங்கள். எழுதியவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். ‘ஈ’ எல்லாம் தங்களுடையது.

ஜெகபர் அலி: ஒரு மாசம் கட்டி வெச்சதை இப்படி ஒரே சொல்லுல… சரி, மனுசன் உசுரோட இருக்காரே, அதுக்கு மேல என்ன. வாரேங்க. பெருநாளைக்கு ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்துரணும். நீங்களுந்தான் உடையப்பன், செத்துட்டேன்னு சாக்குச் சொல்லாம வந்துரணும்.

உடையப்பன்: வாரேன் பாய்… போயிட்டாரு. ஐயா, நீங்க ஒண்ணும் திடுக்கிட்ட மாதிரி தெரியலையே?

கண்ணுசாமி: இந்த வயதில் திடுக்கிடுவது உடம்புக்கு ஆகாது.

உடையப்பன்: மீசை இல்லாமயே கண்டுபிடிச்சுட்டீங்களா?

கண்ணுசாமி: தாங்கள் நாற்காலியைச் சுவரோரம் சாய்த்தபோதே. குட்டைக்கால் எந்தப் பக்கமென்று நான் சொல்லவில்லை. தாங்களாகவே இடப்புறம் சாய்த்தீர்கள்.

உடையப்பன்: ஓஹோ… அப்ப என் வாக்கு என்னாகுறது? உசுரோட இருக்கிற மட்டும் ஏற மாட்டேன்னு சொன்ன படியில ஏறி வந்துட்டேனே.

கண்ணுசாமி: வாக்குத் தவறவில்லை. அடுத்த நிருவாகக் குழு கூடி மாற்றும்வரை தாங்கள் காலமானவர்தாம். இன்று ஏறி வந்தவர் உயிரோடிருப்பவரல்லர்.

உடையப்பன்: இதுவும் வக்கீல் சொல்லிக்குடுத்ததா?

கண்ணுசாமி: இது நானே கண்டுபிடித்தது.

உடையப்பன்: இருங்க, இருங்க. இப்பத்தான் ஒண்ணொண்ணா ஓடுது. கழகத்துக்கு நான் கடேசியாக் குடுத்த வெலாசம் நிலக்கோட்டை. வத்தலக்குண்டு வீடு இங்க ஒருத்தருக்கும் தெரியாது. பொம்மையன் நேரா என் வீட்டுக் கதவை வந்து தட்டுறாரு. ஒருத்தர்கிட்டயும் வழி கேக்கலை.

கண்ணுசாமி: பொம்மையன் கெட்டிக்காரன்.

உடையப்பன்: நாலு மணிக்கு எந்திரிப்பான்னு எழுதியிருக்கீங்க. அது மூக்காயிக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். ஏனுங்க ஐயா… நான் சாகலைன்னு ஒங்களுக்கு முன்னாலயே தெரியும்.

கண்ணுசாமி: தெரியும்.

உடையப்பன்: எப்ப?

கண்ணுசாமி: சென்ற ஆண்டு ஐப்பசியில். பெரியகுளத்தில் ஒரு திருமணம். முதல் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். வத்தலக்குண்டு எல்லையில் வண்டியின் விளக்கு வெளிச்சத்தில் ஓர் உருவம். மழைத் தூறல்; ஒருவர் புற்றருகே குந்தியிருக்கிறார். பக்கத்தில் குடை மடித்தபடி கிடக்கிறது. அரிக்கேன் விளக்கு இருக்கிறது, ஏற்றவில்லை. அந்த ஏற்றாத விளக்கைப் பார்த்ததும் தாங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது விளங்கிவிட்டது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன்.

உடையப்பன்: எறங்குனீங்களா? நான் பாக்கலையே.

கண்ணுசாமி: புளியமரத்துக்குப் பின்னால் நின்றேன். வாய் திறந்திருந்தால் தாங்கள் எழுந்து போயிருப்பீர்கள். ஈசலை யார் பார்ப்பது? விடிந்தபின் தாங்கள் நடந்தீர்கள். நான் பின்னால் வந்து வீட்டைத் தெரிந்துகொண்டேன். திருமணத்துக்குப் போய்ச் சேரும்போது பந்தி முடிந்திருந்தது.

உடையப்பன்: பின்ன ஏன் ஐயா, குழு என்னைச் செத்தவன்னு எழுதும்போது வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க?

கண்ணுசாமி: தங்கள் புதிய கட்டுரை வருமென்று காத்திருந்தேன்; வரவில்லை. கூப்பிட்டால் வரமாட்டீர்கள் என்பதும் தெரியும். ஆனால் தவறான கட்டுரை தங்கள் பெயரில் அச்சேறுகிறதென்றால், செத்தாலும் எழுந்து வருவீர்கள் என்று நினைத்தேன். அதனால் விதி தன் வழியே போகட்டுமென்று விட்டுவிட்டேன். செயலாளன் செய்யத்தக்க செயலன்று. குழுவிடம் நானே சொல்லிவிடுவேன்.

உடையப்பன்: நான் வராமலே இருந்திருந்தா? அடிச்சிருப்பீங்களா?

கண்ணுசாமி: ஜெகபர் அலி என்மீது மேலும் சில மாதம் சினங்கொண்டிருப்பார்.

உடையப்பன்: சரி. கடேசியா ஒண்ணு. அந்த வெளக்குக் கேள்வி… கேட்டவரு யாரு?

கண்ணுசாமி: உடையப்பன், அதை நான் சொல்வதற்கில்லை. அவ்விதி மட்டும் என்னாலும் தளர்த்த முடியாதது.

உடையப்பன்: சொல்ல வேணாம். கட்டுரையில வெளக்கைப் பத்தி ஒரு வார்த்தை இல்லைன்னு ஜெகபர் பாயே சொல்லிட்டாரு. அந்தப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல என்கூட ஒக்காந்து, ரெண்டாந்தரம் கேட்டுப் பொரி தின்னவரு இந்தக் கழகத்துல ஒருத்தருதான். ஏழு வருசமா எனக்குத் தெரியும். வேற எவன் கேட்டிருந்தாலும் ரெண்டு நாளுல மறந்திருப்பேன். சித்திரை மழை வரட்டும். இன்னொரு தடவை பாத்துட்டு, புதுசா எழுதித் தாரேன். ஆனா வேற யாருக்கும் அனுப்பாதீங்க… அவருக்கே அனுப்புங்க.